காலியான இடத்தை நிரப்புவது யார்? சிங்கப்பூர் இடைத்தேர்தல்கள் குறித்து

1959 பொதுத்தேர்தலில் சிங்கப்பூரின் 51 தொகுதிகளில் 43ஐ மக்கள் செயல் கட்சி வென்றது. அந்த அலையில் எந்தக் கட்சியையும் சாராமல் நின்று ஜெயித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஏ. பி. ராஜா, அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி ஃபேரர் பார்க். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல், அதே தொகுதியில் இன்னொரு வழக்கறிஞர் முதன்முறையாகத் தேர்தலில் நின்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளராகி ஓராண்டே ஆகியிருந்த ஜே. பி. ஜெயரத்னம் அவர். மக்கள் செயல் கட்சியின் லீ சியாவ் மெங்கிடம் தோற்றார். கிடைத்தது ஏறத்தாழ 23 விழுக்காடு வாக்கு.

ஜெயரத்னம் அதோடு நிற்கவில்லை. 1976இல் கம்போங் சாய் சீ, 1977இல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979இல் தெலுக் பிளாங்கா இடைத்தேர்தல், 1980இல் மறுபடி தெலுக் பிளாங்கா என்று தொடர்ந்து நின்று, தொடர்ந்து தோற்றார். கடைசியில் அவரை நாடாளுமன்றத்துக்குள் அனுப்பியதும் ஓர் இடைத்தேர்தல்தான். இந்த நாட்டின் அரசியலைத் திருப்பிப்போட்ட தேர்தல்களைப் பட்டியலிட்டால் பொதுத்தேர்தல்களைவிட இடைத்தேர்தல்களே அதிகம் வரும் என்பது என் கணிப்பு. ஆனால் இன்று ஃபேரர் பார்க் வாக்காளர் தம் வட்டாரத்தில் ஓர் இடைத்தேர்தலைக் காணும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அந்தப் பெயரில் தொகுதியும் இல்லை. வட்டாரம் முழுவதும், பல உறுப்பினர்களை ஒரே குழுவாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகளுக்குள் அடங்கிவிட்டது. இது எப்படி நேர்ந்தது, நேர்ந்தது சரிதானா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

முழுக் கதையையும் ஒரே தொகுதியின் வழியாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்தை ஒட்டியிருந்த ஆன்சன் தொகுதியில் முப்பது ஆண்டுகளுக்குள் நான்கு முறை இடம் காலியானது.

முதல் முறை 1961இல். உறுப்பினர் பகாருடின் முகமது அரிஃப் காலமானார். ஆன்சன் இடைத்தேர்தலுக்கு இரண்டரை மாதம் முன்புதான், ஏப்ரல் 29 அன்று ஹொங் லிம் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி மோசமாகத் தோற்றிருந்தது. கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஓங் எங் குவான் பதவியை விட்டுவிலகி, அதே இடத்தில் நின்று, ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்கோடு திரும்பி வந்தார். ஜூலை 15 அன்று ஆன்சனில் முன்னாள் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் பாட்டாளிக் கட்சி வேட்பாளராக 3,598 வாக்கு பெற்றார். மக்கள் செயல் கட்சியின் மஹ்மூத் அவாங்குக்கு 3,052. வித்தியாசம் வெறும் 546 வாக்கு. ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் லீ குவான் இயூ சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கோரியபோது, அவர் கட்சியின் 13 உறுப்பினர்கள் ஆதரிக்க மறுத்து ஒதுங்கி நின்றார்கள். அரசு 27 வாக்குகளோடு தப்பிப் பிழைத்தது. ஒதுங்கியவர்கள் சில நாட்களில் பாரிசான் சோஷலிஸ் கட்சியைத் தொடங்கினார்கள்.

காலியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதும் ஓர் அரசியல் முடிவே என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. 1962 ஆகஸ்டில் அமைச்சரும் செம்பவாங் உறுப்பினருமான அகமது இப்ராகிம் இறந்தார். சட்டமன்றத்தில் அரசின் பலம் நூலிழையில் தொங்கிய நேரம் அது. செம்பவாங் வாக்காளர்கள் 1963 பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆன்சனில் இரண்டாம் முறை இடம் காலியானது 1978இல், பி. கோவிந்தசாமி இறந்தபோது. 1979 பிப்ரவரி 10 அன்று ஏழு தொகுதிகளில் ஒரே நாளில் நடந்த இடைத்தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர் ஆன்சனில் வென்றார். 1980 பொதுத்தேர்தலில் அவருக்குக் கிடைத்த வாக்கு 84 விழுக்காடு. மறு ஆண்டு அக்டோபரில் அவர் அதிபரானார். ஆன்சன் மூன்றாம் முறையாகக் காலியானது.

இந்த 1981 தேர்தல் சற்று நின்று பார்க்க வேண்டியது. ஆளுங்கட்சி வேட்பாளர் பாங் கிம் ஹின் புதுமுகம். பிரசாரப் பொறுப்பு கோ சோக் டோங்கிடம் இருந்தது. ஓராண்டுக்கு முன் நூற்றுக்கு 84 பேர் ஆதரித்த இடம் என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொகுதிக்குள் பிளேர் பிளேய்ன் என்ற இடத்தில் துறைமுக ஊழியர்களின் குடியிருப்பு இருந்தது. கொள்கலன் முனையத்துக்காக அந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வேறு வீடு கிடைப்பதில் தங்களுக்கு முன்னுரிமை இல்லை என்ற கோபம் அந்தக் குடும்பங்களிடம் இருந்தது. பேருந்துக் கட்டண உயர்வும் சேர்ந்துகொண்டது. பொதுத்தேர்தலில் நாட்டின் வளர்ச்சி, பாதுகாப்பு என்று பெரிய பேச்சுகளுக்கிடையே அமுங்கிப்போகும் இந்த வீட்டுக் கவலை, ஒரே தொகுதியில் நடக்கும் தேர்தலில் அமுங்கவில்லை. அக்டோபர் 31 இரவு வாக்குகளை எண்ணி முடித்தபோது ஜெயரத்னத்துக்கு 7,012, பாங் கிம் ஹின்னுக்கு 6,359, மூன்றாவதாக நின்ற ஹர்பன்ஸ் சிங்குக்கு 131. பதினைந்து ஆண்டுகளில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினர், ஃபேரர் பார்க்கில் தோற்றுத் தொடங்கிய அந்த மனிதர். தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் இடம் தரும் ‘தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர்’ என்ற ஏற்பாட்டை 1984இல் அரசு கொண்டுவந்ததையும், ஆன்சனில் பெற்ற அதிர்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு என்னால் விளக்க முடியவில்லை.

நான்காம் முறை 1986 நவம்பரில். 1984இல் கூடுதல் வாக்கோடு மீண்டும் வென்றிருந்த ஜெயரத்னம், கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் பெற்றுப் பதவியை இழந்தார். (வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவரை நீக்கியதை எதிர்த்த மேல்முறையீட்டில், 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் பெயரை மீண்டும் சேர்த்தது, அவருக்குப் பெரும் அநீதி நேர்ந்ததென்றும் சொன்னது. ஆனால் பழைய தண்டனை ரத்தாகவில்லை.) இந்த முறை ஆன்சனில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. அடுத்த மாதமே அமைச்சர் தே சியாங் வான் இறந்ததால் காலியான கேலாங் வெஸ்ட்டிலும் நடக்கவில்லை. 1988 பொதுத்தேர்தல் வந்தபோது ஆன்சன் என்ற தொகுதியே தேர்தல் வரைபடத்தில் இல்லை.

அப்படியானால் சட்டம் என்னதான் சொல்கிறது? 1963 மாநில அரசியலமைப்பில் காலியிடத்தை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற வரம்பு இருந்தது. நாடு சுதந்திரம் பெற்ற சில மாதங்களில், 1965 டிசம்பரில், அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போதைய அரசியலமைப்பின் 49ஆவது பிரிவு, காலியிடம் தேர்தல் மூலம் நிரப்பப்படும் என்று மட்டும் சொல்கிறது. எப்போது என்று சொல்வதில்லை. அந்த ‘எப்போது’ பிரதமரின் கையில்.

சுமார் ஐம்பது ஆண்டுகள் இது நீதிமன்றத்தில் சோதிக்கப்படாமலே கிடந்தது. சோதித்தவர் ஹவ்காங்கில் வசித்த ஒரு தமிழ்ப் பெண்மணி, பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். 2012 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சி தன் ஹவ்காங் உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கை நீக்கியதும் இடம் காலியானது. இடைத்தேர்தலுக்குக் காலக்கெடு கிடையாது என்றார் பிரதமர் லீ சியன் லூங். வழக்கறிஞர் எம். ரவி மூலம் அந்தப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். மே 26 அன்று இடைத்தேர்தல் நடந்து, பாட்டாளிக் கட்சியே இடத்தைத் தக்கவைத்தது. ஆனால் வழக்கு நிற்கவில்லை. நடத்துவதா வேண்டாமா, எப்போது என்பதெல்லாம் பிரதமரின் விருப்பம் என்று உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2013 ஜூலை 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது. இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தாலும், காலியிடத்தைக் காலவரையின்றி வைத்திருக்கும் உரிமை பிரதமருக்குக் கிடையாது, நியாயமான காலத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டத்தைத் தெளிவாக்கியது. நாடாளுமன்றத்தில் குடிமக்களுக்குக் குரல் வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகங்களில் எழுதவைத்தது ஒரு சாதாரணக் குடியிருப்பாளரின் பிடிவாதம். நம்மவர் ஒருவர் செய்த இந்தக் காரியத்தை நம் மேடைகள் போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தீர்ப்பு நல்லது. ஆனால் அது எட்டும் தூரம் சிறியது. 1988இல் குழுத்தொகுதி முறை வந்தபோது நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் 24(2ஏ) என்ற பிரிவும் சேர்ந்து வந்தது. குழுத்தொகுதியின் உறுப்பினர்கள் அனைவரும் பதவியைவிட்டு விலகினால் ஒழிய அங்கே இடைத்தேர்தல் கிடையாது என்கிறது அது. 2025 பொதுத்தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடம் 97. அவற்றில் 82 குழுத்தொகுதிகளில். அதாவது, ஒருவர் இறந்தாலோ விலகினாலோ வாக்காளர் வாக்குச்சாவடிக்குப் போகும் வாய்ப்பு 15 தனித்தொகுதிகளில் மட்டும்தான்.

குழுத்தொகுதி ஒன்றில் இடைத்தேர்தல் நடந்தது ஒரே முறை. 1992 டிசம்பரில் பிரதமர் கோ சோக் டோங் தம் குழுவோடு மரின் பரேடில் விலகி மறுபடி நின்றார். தண்டனையால் வந்த தடைக்காலம் முடிந்த ஜெயரத்னம் போட்டியிட வசதியாக இடைத்தேர்தல் நடத்துவேன் என்று சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். பாட்டாளிக் கட்சியோ வேட்புமனு நாளில் தன் குழுவில் ஆள் குறைந்ததால் களமிறங்க முடியவில்லை. அதன்பின் 2012 வரை இருபது ஆண்டுகள் இந்த நாட்டில் இடைத்தேர்தலே இல்லை. பிறகு ஹவ்காங், 2013இல் பொங்கோல் ஈஸ்ட், 2016இல் முரளி பிள்ளை வென்ற புக்கிட் பாத்தோக். மூன்றும் தனித்தொகுதிகள்.

இடையில் காலியாகி, காலியாகவே இருந்த இடங்களை நினைத்துப் பாருங்கள். லிட்டில் இந்தியாவின் பெரும்பகுதி இன்று அடங்கியிருக்கும் ஜாலான் புசார் குழுத்தொகுதியில் 1999இல் சூ வீ கியாங் விலகினார். 2001 தேர்தல் வரை யாரும் வரவில்லை. 2008 ஜூலையில் ஜூரோங்கின் ஓங் சிட் சுங் இறந்தார். 2010 செப்டம்பரில் அங் மோ கியோவின் டாக்டர் பாலாஜி சதாசிவன் இறந்தார். 2017 ஆகஸ்டில் அதிபர் தேர்தலுக்காக ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீயிலிருந்து விலகினார். அதே காரணத்துக்காக 2023 ஜூலையில் தர்மன் சண்முகரத்னம் ஜூரோங்கைவிட்டு விலகினார். 2024 ஜனவரியில் வழக்கில் சிக்கிய ஈஸ்வரன் வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து விலகினார். எதிர்க்கட்சியும் விதிவிலக்கல்ல: 2021 நவம்பரில் செங்காங்கில் ரயீசா கான் விட்டுப்போன இடம் 2025 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகள், அப்படியே கிடந்தது.

இவற்றில் என்னை அதிகம் உறுத்துவது ஹலிமாவின் இடமும் ஈஸ்வரனின் இடமும். குழுத்தொகுதி எதற்காக வந்தது? சீனர் அல்லாதவரும் நாடாளுமன்றத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு குழுவிலும் மலாய்க்காரர், இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினர் ஒருவராவது இருந்தாக வேண்டும். மார்சிலிங்-இயூ டீயில் ஹலிமாவும் வெஸ்ட் கோஸ்ட்டில் ஈஸ்வரனும்தான் அந்தந்தக் குழுவின் சிறுபான்மை உறுப்பினர்கள். அவர்கள் போனபின் அந்தத் தொகுதிகளில் அப்படி ஒருவரும் இல்லை. மார்சிலிங் வாக்காளர் ஒருவர் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது: எல்லாரும் விலகினால்தான் தேர்தல். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் நீதிபதிகள் வேறு எப்படியும் சொல்லியிருக்க முடியாதிருக்கலாம். அப்படியென்றால் திருத்த வேண்டியது சட்டத்தை. சிறுபான்மையினருக்காக என்று கட்டிய ஏற்பாடு, வேட்புமனு நாளன்று மட்டும் சிறுபான்மையினரைக் கேட்டுவிட்டு அடுத்த ஐந்தாண்டுகள் கேட்காமல் இருப்பது எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை.

அரசுத் தரப்பின் வாதத்தையும் உரிய மதிப்போடு பார்க்க வேண்டும். 2008இல் நியமன உறுப்பினர்கள் இந்தப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்பியபோது பிரதமர் சொன்னதன் சாரம்: வாக்காளர் தேர்ந்தெடுப்பது தனி ஆளை மட்டும் அல்ல, கட்சியை, ஆட்சியை, ஒருவர் போனால் மற்றவர்கள் தொகுதியைப் பார்த்துக்கொள்வார்கள். அதில் உண்மை உண்டு. ஒருவர் இறந்ததற்காக மற்ற நால்வரையும் விலகச் சொல்லி ஐந்து இடங்களுக்கும் தேர்தல் நடத்துவது அதிகப்படிதான். இடைத்தேர்தலைப் பந்தயமாக்கிய வரலாறும் இங்கே இருக்கிறது: 1957இல் மார்ஷல் விட்ட சவாலை ஏற்று லீ குவான் இயூ பதவி விலகி தஞ்சோங் பகாரில் மறுபடி நின்றார்; சவால் விட்டவரோ விலகியபின் போட்டியிடவே இல்லை.

‘மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது நடைமுறையில் என்ன என்று மக்கள் சந்திப்பு நடக்கும் மாலையில் ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனால் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசை எண்ணோடு காத்திருப்பவர்கள். வாடகை பாக்கிக்குத் தவணை கேட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குக் கடிதம், மனைவியின் நீண்டகால வருகை அனுமதிக்காகக் குடிநுழைவு ஆணையத்துக்குக் கடிதம், அபராதத்தைக் குறைக்கச் சொல்லி இன்னொன்று. தொண்டூழியர்கள் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்கள். உறுப்பினர் இல்லாமல் போனால் இந்தக் கடிதங்கள் நிற்பதில்லை. பக்கத்து வட்டார உறுப்பினர் வந்து கையெழுத்திடுவார். அதை மறுக்கவில்லை. ஆனால் பிளேர் பிளேய்ன் குடும்பங்களுக்கும் கடிதம் எழுத ஆள் இருந்தார்கள். கடிதத்தால் ஆகாததைத்தான் அவர்கள் வாக்கால் சொன்னார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? மலேசியா அறுபது நாளுக்குள் தேர்தல் நடத்துகிறது. பதவிக்காலம் முடிய இரண்டாண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இந்தியாவில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு ஆறு மாதக் கெடு வைக்கிறது. ஓராண்டுக்கும் குறைவாக எஞ்சியிருந்தாலோ தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ விலக்கு. அந்த விலக்கும் ஓட்டையாகலாம். 2023 மார்ச்சில் காலியான புணே மக்களவை இடத்துக்கு உடனே தேர்தல் நடத்துங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் டிசம்பரில் உத்தரவிட்டது; அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பொதுத்தேர்தல் வரை புணேக்கு உறுப்பினர் இல்லை.

இடத்தைக் காலியாக விடாமல் தேர்தல் நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல்லை விடச் சிறந்த சாட்சி தமிழகத்தில் இல்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். திமுக உறுப்பினர் ராஜாங்கத்தின் மறைவால் 1973 மே மாதம் நடந்த மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றார். ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. அடுத்த பொதுத்தேர்தல் வரை காத்திருந்தால் அந்தக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று யாருக்கும் தெரிந்திருக்காது. தமிழக இடைத்தேர்தல்களின் நோயும் நமக்குத் தெரியும். பணப் பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் தேர்தலையே ரத்து செய்ய வேண்டி வந்தது. அதற்கு மருந்து கண்காணிப்பு; இடத்தைக் காலியாக விடுவதல்ல.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயரத்னத்தின் மூதாதையர் ஊர்ப்பக்கமே சான்று இருக்கிறது. இலங்கையின் 1972 குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று மக்களிடம் கேட்போம் என்று சவால் விட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் காங்கேசன்துறை இடத்தைவிட்டு விலகினார். அரசு தேர்தலை இரண்டாண்டுக்கும் மேலாக ஒத்திவைத்தது. 1975 பிப்ரவரி 6 அன்று ஒருவழியாக வாக்குப்பதிவு நடந்தபோது அவர் 25,927 வாக்கு பெற்றார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. வென்றதும் அதைத் தனிநாட்டுக்கான ஆணை என்றே அவர் அறிவித்தார். காத்திருந்த அந்த இரண்டாண்டில்தான் வடக்கின் இளைஞர்கள் வாக்குச்சீட்டின் மீது நம்பிக்கை இழக்கத் தொடங்கினார்கள் என்பது என் வாசிப்பு. சிங்கப்பூரின் நிலைமை வேறு, மிக வேறு. ஆனால் மக்கள் சொல்ல விரும்புவதை உரிய நேரத்தில் சொல்லவிடாத அரசு, பிறகு கேட்பது இன்னும் கடினமான பதில் என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

என் முடிவு இது. 1965இல் எடுத்த மூன்று மாத வரம்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பதவிக்காலத்தில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் விலக்கு அளிக்கலாம். குழுத்தொகுதியில் ஒருவர் போனால் மற்றவர்கள் விலகத் தேவையில்லை. தொகுதி வாக்காளர் அனைவரும் சேர்ந்து அந்த ஓரிடத்துக்கு மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். போனவர்தான் குழுவின் ஒரே சிறுபான்மை உறுப்பினர் என்றால், வேட்பாளர்களும் சிறுபான்மையினராகவே இருக்கட்டும். அதிபர் தேர்தலை ஒரே சமூகத்துக்கு ஒதுக்கி 2017இல் நடத்திக் காட்டிய நாட்டுக்கு, இதற்கான சட்டத்தை எழுதுவது பெரிய காரியமல்ல. செலவு ஆகும்தான். ஒரு தொகுதிக்கு மூன்றாண்டுகள் ஓர் ஆள் குறைவது அதைவிடப் பெரிய செலவு.

ஃபேரர் பார்க்கில் இருந்தாலும் உட்லண்ட்சில் இருந்தாலும், அடுத்த மக்கள் சந்திப்பு மாலையில் உங்கள் உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: ‘நீங்கள் இல்லாமல் போனால் உங்கள் இடத்துக்கு நாங்கள் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாதாமே, அதை மாற்ற நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா?’ எந்த இடமும் காலியாகாத நேரத்தில்தான் இதைக் கேட்க வேண்டும். காலியான பிறகு கேட்டால் அது கட்சிச் சண்டையாகிவிடும்.